இரண்டு பேரைக் கேட்டு வரப் போனேன்

தையல்காரனுக்கு அக்கரைப் பயணம் எதற்கு என்று துறையூரில் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். மாமாவைப் பார்க்க என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் தாய்மாமா பெரிய கங்காணி. நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீட்டில்தான். எனக்கு ஆறு வயதில் அப்பா காய்ச்சலில் போனார். ஒன்பது வயதில் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாள். அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் அந்தப் பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. மாமாவிடமிருந்து கடிதம் வரும். நான் படிப்பேன். அம்மா கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். பதில் எழுது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுடைய விசித்திரங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். இன்னொரு விசித்திரம், எங்கே போனாலும் அவள்தான் முதல் ஆள். பூசாரி வருமுன்பே கோயில் வாசலில் நிற்பாள். கல்யாண வீட்டில் பந்தல் போடுகிறவர்களோடு போய் உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். இரண்டு வருஷம் முன்பு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

வைகாசியில் மாமாவின் கடிதம் ஒன்று வந்தது. தனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் தங்கவில்லை, தன் இடத்துக்கு யார் என்று துரை கேட்கிறார், நீ வருவதானால் உன் பெயரைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். வந்து ஒரு வாரம் பார், ஞாயிற்றுக்கிழமை எனக்கு முடிவு சொல்ல வேண்டும். கங்காணி என்றால் தனக்கென்று ஆட்கள் வேண்டும், ஆகையால் நம் ஊரிலிருந்து இருபது குடும்பமாவது உன் பேச்சை நம்பிக் கப்பலேற வேண்டியிருக்கும் என்றும் இருந்தது.

எங்கள் பக்கம் இரண்டு வருஷமாக மழையில்லை. மழையில்லாத ஊரில் யார் புதுச்சட்டை தைப்பார்கள்? ஒட்டுப் போடுவதும் பொத்தான் தைப்பதும்தான் என் பிழைப்பாகியிருந்தது. போகலாம் என்று காலையில் தோன்றும். மத்தியானம் வேண்டாம் என்று தோன்றும். இருபது குடும்பத்தை நினைத்தால் சோறு இறங்காது. என் மனைவி பாக்கியம் பத்து நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும். ஒம்பது வயசுல அங்க இருந்தீங்கல்ல, அந்தப் பையனைக் கேளுங்க. அறுபது வயசுல ஒரு கெழவர் ஆகப் போறீங்கல்ல, அவரையும் கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா மூட்டையைக் கட்டலாம்."

"அவங்களை எங்கே போய்ப் பிடிக்கிறது?"

"அங்கதான் இருப்பாங்க. போய்த் தேடுங்க."

இப்படித்தான் நான் கிளம்பினேன். கப்பலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அவிசாவளையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. தெஹியோவிட்ட பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாள், மடியில் ஒரு கூடை ரம்புட்டான் பழம். மயிர் முளைத்த சிவப்புப் பழம். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். தோலோடு கடித்துவிட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்காமல் இன்னொன்றை நகத்தால் கீறிப் பிதுக்கிக் காட்டிவிட்டு, "கொஹெத யன்னே?" என்றார்.

"மாமாகே கெதர" என்றேன்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார், மாமா வீட்டுக்கு என்று நான் சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக ஒரு சிங்கள வார்த்தை என் நினைப்பில் வந்ததில்லை. அடுத்து அவர் கேட்டது ஒன்றும் புரியவில்லை. யோசித்தால் வரவில்லை, யோசிக்காதபோது வந்தது. வாய்க்குள் எனக்குத் தெரியாமல் யாரோ குடியிருப்பது போல ஒரு கூச்சம் எனக்கு ஏற்பட்டது.

அந்தக் கூச்சத்தை நின்று யோசிக்க பஸ் விடவில்லை. ஒரு ஏற்றத்தில் புகை விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வயல் ஓரத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சேற்றில் என் இடது செருப்பு புதைந்தது புதைந்ததுதான். எங்கள் ஊரில் செருப்பு தேய்ந்து போகும், அறுந்து போகும். மண் விழுங்கி நான் பார்த்ததில்லை.

ஒற்றைச் செருப்போடு தெஹியோவிட்டவில் இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் ஒதுங்கினேன். ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் சேலைத் துணி, நடுவில் தேநீர் அடுப்பு.

"இரிங்க, மழெ உடட்டும்" என்று பெஞ்சைக் காட்டினார். என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தேநீரும், கித்துள் என்கிற மலைப்பனையில் காய்ச்சிய கருப்பட்டி ஒரு துண்டும் வைத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். பால் கிடையாது. ஊரில் இதை யாராவது கொடுத்தால் கழுநீர் என்பேன். அந்த மழையில் இரண்டு கோப்பை குடித்தேன்.

"நீங்க பெரிய கங்காணிட மருமகன்தானே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அவர்ட மூக்கு. அவர்ட காது. அவரு முப்பது வருசத்துக்கு முந்தி இப்பிடித்தான் இருந்தாரு. நாளைக்கி நீங்க அவரப் போல இருப்பீங்க."

பாக்கியம் தேடச் சொன்ன கிழவர் யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரைப் பிடித்தாகிவிட்டது என்று உற்சாகமாக மலை ஏறினேன்.

ஆனால் மலை எனக்குப் பழக்கமான மலை அல்ல. நான் ஊருக்குப் போனபோது அது தேயிலைத் தோட்டம். மேட்டில் நின்றால் சுற்றிலும் வானம் தெரியும். இப்போது ரப்பர் மரங்கள். நட்ட வரிசையிலேயே நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ரப்பர்ப் பால் வடிய ஒரு சிரட்டை, கீழே பகலிலும் இருட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. பிறந்த இடத்தில் வழி தெரியாமல் இரண்டு முறை சுற்றி வந்தேன்.

மாமா லயத்துக்குத் தள்ளி இரண்டு அறையும் தகரக் கூரையும் உள்ள வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒத்தச் செருப்போடவா வந்தே" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. அத்தை அழுதாள், பிறகு சோறு போட்டாள். பலாக்காய்க் கறி. தேங்காய்ப் பாலில் மிதந்தது. ஊரில் ஒரு தேங்காயை நான்கு நாள் வைத்துக் கறி பண்ணுகிற எங்களுக்கு அது ஒரு கல்யாணச் சாப்பாடு.

மாமா வேட்டியின் மேல் கோட்டுப் போட்டிருந்தார். தையல்காரன் கண் முதலில் அங்கேதான் போகும். கறுப்புக் கம்பளிக் கோட்டு, கொழும்பில் தைத்தது, நல்ல கை. உள்துணி மட்டும் நான்கு தடவையாவது மாற்றப்பட்டிருந்தது. அக்குளில் உப்புப் படிந்திருந்தது. இந்த வெக்கையில் கம்பளி. மாமா இளைத்திருந்தார். தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுத்துட்டுப் போ மாப்ளே. இல்லேன்னா நீயே போட்டுக்க, ஒனக்குச் சரியா இருக்கும்" என்றார்.

புதன்கிழமை காலை வெளியே கிளம்பினேன். மழை தூறியது. அத்தை மாமாவின் கோட்டையும் குடையையும் என்னிடம் கொடுத்து, "நனையாமப் போயிட்டு வாப்பா" என்றாள். போட்டுப் பார்த்தேன். தோள், கை, இடுப்பு, எல்லாம் எனக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது.

மலைப்பாதையில் எதிரே பெண்கள் வந்தார்கள். தலையில் சாக்கு, கையில் பால் வாளி. என்னைக் கண்டதும் மூன்று பேரும் பாதையை விட்டு ஓரத்துக் கானில் இறங்கி நின்றார்கள். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். முழங்கால் அளவு செந்தண்ணீர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் துரை வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கோட்டுக்கும் குடைக்கும்தான் இறங்கியிருக்கிறார்கள்.

"நான் கங்காணி இல்லீங்க. மேல வாங்க" என்றேன்.

"நீங்க போங்க. நாங்க அப்பறம் வாறோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "அடி ஆத்தே, பெரிய கங்காணிக்கு வாலிபம் திரும்பிருச்சு" என்றாள். மூன்றாவது பெண் மட்டும் என் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டிக் கங்காணியா?" என்றாள்.

அந்தப் பெயர் என் காதில் விழுந்து எத்தனை காலம். நான் அவளை யாரென்று விழிப்பதைப் பார்த்து அவளே சொன்னாள். "நாந்தாண்ணே, செல்லாயி. பிள்ளைக் காம்பராவுல ஒங்ககூட இருந்தவ."

பிள்ளைக் காம்பரா என்பது வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை. நானும் அவளும் அங்கே வளர்ந்தோம். இன்னொரு சங்கதியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கானில் இறங்கி நின்றபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. வெட்கமும் இருந்தது, சுகமும் இருந்தது. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பையனைத் தேடிப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கொட்டகை இடம் மாறவில்லை. வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்பது வயதுக்காரன் எதிரே வந்து பேசுவான் என்று நம்பித்தான் நின்றேன், சிரிக்காதீர்கள். அட்டைதான் வந்தது. மூன்று அட்டை, ஒற்றைக்காலில். அவற்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது வேலை விட்டுச் செல்லாயி தன் மகளைக் கூட்டிப் போக வந்தாள்.

"நான் சின்னதுல எப்படி இருந்தேன் செல்லாயி?" என்று கேட்டேன்.

"எப்பிடி இருந்தீங்க. எப்பப் பாத்தாலும் பிரட்டு வெளையாட்டுதான்."

பிரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் தெரிந்த விளையாட்டு.

"நீங்கதான் கங்காணி. ஒரு குச்சிய வச்சுக்கிட்டு நிப்பீங்க. வேற யாரும் கங்காணியா நின்னா வெளையாட்டுக்கே வர மாட்டீங்க. கடைசியா வெளையாண்ட அன்னைக்கு எனக்குப் பேர் போடல. பிந்தி வந்துட்டேனாம். 'பேர் இல்ல, போ. நாளைக்கு வா'ன்னீங்க. நான் அழுதுக்கிட்டே போனேன். மறுநாள் சண்டை புடிக்கலாம்னு வந்தா நீங்க ஊருக்குப் போயிட்டீங்க." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு அதில் ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் பையன் என்ன சொல்கிறான் என்பது விளங்கிவிட்டது. அவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக இங்கேதான் நிற்கிறான்.

சாயங்காலம் மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது கிழவரையும் கேட்டேன். "மாமா, இத்தனை வருஷத்துல சந்தோஷமா இருந்தீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதை எதுக்குக் கேக்கறே. வேலை இருந்துச்சு, செஞ்சேன்."

"மறுபடி முப்பத்து நாலு வயசு வந்தா இந்த வேலைக்கு வருவீங்களா?"

"வராம? கோட்டைக் குடுத்தா எவன் வேணாம்பான்."

அத்தை உள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். பாக்கியம் போட்ட நிபந்தனைப்படி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனாலும் எனக்குத் தெளியவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்த பிறகும் குழம்புகிறவனை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நாள் முழுக்க மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. லயத்தில் எல்லாரும் முடங்கிக் கிடந்தார்கள். அத்தை தேங்காய் ரொட்டி சுட்டாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து உள்ளங்கைக் கனத்துக்குத் தட்டிச் சுடுவது. தொட்டுக்கொள்ள மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல். காது அடைத்தது, கண்ணில் நீர் வந்தது, ஐந்து தின்றேன்.

மாமா எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "வெயில் ஏறிட்டா பட்டை பால் விடாது. அதனால காலைல நேரம் தப்பி வந்தா அன்னைக்குப் பேர் கெடையாது. பேர் இல்லேன்னா அன்னைக்குச் சம்பளம் கெடையாது. அவ்வளவுதான் கங்காணி வேலை. மிச்சமெல்லாம் கோட்டும் கொடையும்."

"பாவமா இருக்காதா மாமா?"

"நாளைக்குப் பிரட்டுக்கு வா. கோட்டைப் போட்டுக்கிட்டு எம்பக்கத்துல நில்லு. ஒண்ணும் பேச வேணாம், சும்மா நில்லு."

சனிக்கிழமை விடியுமுன்பே தப்பு அடித்தார்கள். ஆட்களை எழுப்பும் பறை அது. கண்ணைத் திறக்குமுன்பே நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். விடிவெள்ளி முளைத்திருந்தது. மழை விட்டிருந்தது. பிரட்டுக்களத்தில் நூறு பேருக்கு மேல் வாளியும் கத்தியுமாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக மலைக்கு ஏறினார்கள். நான் கோட்டுக்குள் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

களம் காலியான பிறகு லயத்துப் பக்கமிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். வாளி காலில் இடித்துச் சத்தம் போட்டது. செல்லாயி. மூச்சு வாங்க வந்து நின்று, "பிள்ளைக்குக் காய்ச்சலுங்க. காம்பராவுல வச்சுக்க மாட்டேன்னுட்டாங்க. பக்கத்து வீட்ல விட்டுட்டு வாறேன்" என்றாள்.

கணக்கப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். மாமா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பேர் இல்ல, போ. நாளைக்கு வா."

சொன்னது நான். குடையின் நுனி லயத்துப் பாதையைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைத் தூக்கியதும் நான். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பஸ்ஸில் அந்த அம்மாளுக்குப் பதில் சொன்ன அதே வாய், என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

செல்லாயி தகராறு பண்ணவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வாளியோடு திரும்பி நடந்தாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கணக்கப்பிள்ளை அதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமா என் தோளில் கைபோட்டார். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"நான் பயந்துக்கிட்டிருந்தேன் மாப்ளே. தைக்கிற பையன், எளகின மனசு, என்னத்த செய்வானோன்னு. ஒனக்குச் சுளுவா வந்துருச்சு. எனக்கெல்லாம் அப்படி வரல. மொத மொத நான் கோட்டைப் போட்டு நின்ன அன்னைக்குத் தொரையும் குதிரை மேல நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. பிந்தி வந்தது யாரு தெரியுமா? எங்கக்கா. ஒங்கம்மா."

நான் நின்றுவிட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்.

"ஒனக்குக் காய்ச்சல். ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னா. 'பேர் இல்ல, போ. நாளைக்கு வா'ன்னேன். என்ன செய்யச் சொல்றே, தொரை பாக்குறாரு. மூணு நாள் எனக்குத் தொண்டைல சோறு எறங்கல. அவ ஒண்ணும் கேக்கல. ஒரு வாரம் பொறுத்து ஒனக்கு ஒடம்பு சரியானதும் மூட்டையைக் கட்டிட்டா."

அந்த வார்த்தைகளை நான் எங்கே கற்றேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் தோளில் கிடந்து கேட்டிருக்கிறேன். காய்ச்சல் விட்டதும் போய்ச் செல்லாயிமேல் பழகிப் பார்த்திருக்கிறேன். அப்பா போனதால் ஊர் திரும்பினோம் என்று நினைத்திருந்தேனே, அம்மா என் உடம்பு தேறும்வரை மட்டும் காத்திருந்து கிளம்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் எந்த இடத்துக்கும் பிந்திப் போகவில்லை. தெருவோடு சேர்ந்து நானும் அதற்குச் சிரித்திருக்கிறேன். பாதையோரத்தில் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, வராமல் அங்கேயே நின்றார்.

மத்தியானம் செல்லாயியின் லயத்துக்குப் போனேன். கோட்டு இல்லாமல். மகள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். செல்லாயி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, தப்புப் பண்ணிட்டேன் செல்லாயி என்றேன்.

"இது என்ன மொத தடவையா? சின்னதுலயே பேர் போடாதவருதான நீங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்களே கங்காணியா வந்துருங்கண்ணே. எவன் வந்தாலும் பிந்தினா பேர் இல்லதான். நீங்கன்னா வீடு வரைக்கும் வந்து கேக்கவாச்சும் செய்யறீங்க" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று போனால் வா என்கிறாள். பையன் வா என்கிறான், கிழவர் வா என்கிறார், பேர் இல்லாமல் திரும்பினவளும் வா என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லையென்று சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கங்காணியானால் இந்த வருஷம் வீடு வரைக்கும் வருவேன். அடுத்த வருஷம் பாதி வழியில் நிற்பேன். அதற்கடுத்த வருஷம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பேன். இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவிடம் சொன்னேன். "நான் வரலை மாமா."

"சுளுவா வந்துச்சேடா."

"அதனாலதான் மாமா."

 கோபப்படுவார் என்று பார்த்தேன். கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"அப்ப இதைப் பிடிச்சாவது குடுத்துட்டுப் போ. தொங்குது."

அத்தையிடம் ஊசியும் கறுப்பு நூலும் வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். தோள்பட்டையைப் பிரித்து இரண்டு விரல் உள்ளே தள்ளினேன். இடுப்பில் மூன்று விரல். கையால் தைக்க மத்தியானம் வரை பிடித்தது. மாமா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் போட்டுக்கொண்டு நின்றார். சரியாக இருந்தது. ஒரு சின்னக் கிழவர், அளவான கோட்டில்.

"ஒங்கம்மா எம்மேல கோவமாத்தான் போனாளா?" என்று கேட்டார். இத்தனை நாளும் கேட்க நினைத்தது அதுதான் போலிருக்கிறது.

"உங்க கடுதாசியை நான் படிக்கறப்போ கடைசி வரைக்கும் கேப்பாங்க மாமா" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளம்பினேன். தெஹியோவிட்ட கடைப் பெரியவர் எனக்கு ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து வைத்திருந்தார். போட்டுப் பார்த்தேன், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அப்படியே போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பாக்கியம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பாத்தீங்களா ரெண்டு பேரையும்?"

"பாத்தேன்."

"சின்னவன் என்ன சொன்னான்?"

"வான்னான்."

"பெரியவர்?"

"அவரும் வான்னார்."

அவள் முகம் மாறியது. இருபது குடும்பத்தோடு அவளும்தானே கப்பலேற வேண்டும். நிபந்தனை போட்டவள் அவள், மீற முடியாது. "அப்பறம் என்ன, எப்பக் கெளம்பணும்?" என்றாள் குரலைச் சரிபண்ணிக்கொண்டு.

"மாமா கோட்டு எனக்கு அச்சா இருந்துச்சு. அதை அவருக்குப் பிடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"பிடிச்சா என்ன. உள்ள துணி விட்டுத்தான் பிடிப்பீங்க. நாளைக்குப் பிரிச்சா மறுபடி ஒங்களுக்கு ஆகும்."

"உள்ள துணி விடலை. எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

தையல்காரன் பெண்டாட்டி. அது அவளுக்குப் போதும். சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.